காது சரியா கேக்காதவங்ககிட்ட எப்படிப் பேசறது: அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

ரெண்டு காதுலயும் மெஷின் போட்டிருக்கறவன் நான். வீட்டுல, ஆபீஸ்ல, புதுசா பழகுறவங்க, எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே கேள்விகளத்தான் கேக்குறாங்க, சில பேர் கூச்சப்பட்டுக்கிட்டு மனசுலயே வச்சுக்கறாங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரே எடத்துல பதில் எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. பொறந்ததுலேர்ந்தே கேக்காம சைகை மொழிலயே வளந்தவங்க அனுபவம் வேற, அவங்களுக்காக நான் பேசறது சரியா இருக்காது. இது கொஞ்சம் கேக்கும் கொஞ்சம் கேக்காதுன்னு நடுவுல மாட்டிக்கிட்டவங்க சமாச்சாரம்.

மெஷின் தான் போட்டிருக்கீங்களே, அப்புறமும் ஏன் "என்ன, என்ன"ன்னு கேக்குறீங்க?

மெஷின் போட்டா காது பழையபடி ஆயிடும்னு நெனைக்கறதால வர்ற கேள்வி இது. உள்காதுல கோக்லியான்னு ஒரு சின்ன சுருள் இருக்கு, அதுக்குள்ள சுமார் 15,000 மயிரிழை செல்கள் இருக்கு, சத்தத்த நரம்புக்கு அனுப்பறது அதுங்க வேல. பொறக்கும்போது இருந்தது தான் கடைசி வரைக்கும், ஒரு தடவ செத்துப்போனா மறுபடி முளைக்காது. மெஷின் என்ன பண்ணும்னா வர்ற சத்தத்த பெருசாக்கி உள்ள அனுப்பும், ஆனா வாங்கிக்கறதுக்கு அந்தப் பக்கம் செல்லே இல்லன்னா? அழிஞ்சு போன ஜெராக்ஸ் காப்பிய பெருசு பண்ணி எடுத்தா எழுத்து பெருசாகும், அழிஞ்சது அழிஞ்சது தான. அப்ப மெஷினால பிரயோஜனமே இல்லையான்னு கேட்டுடாதீங்க, அது இல்லாம இருந்தா இந்த "என்ன, என்ன" பத்து மடங்கா இருக்கும்.

சத்தம் கேக்குது ஆனா வார்த்த புரியலங்கறீங்க, அது எப்படி?

எங்கள்ல நெறைய பேருக்கு மொதல்ல போறது கீச்சு சத்தங்கள், அதாவது 2000 ஹெர்ட்ஸுக்கு (ஓசை எவ்வளவு கீச்சுன்னு அளக்கற அலகு) மேல உள்ளது. பேச்சுல ஆ, ஈ, ஊ மாதிரி உயிர் ஓசையெல்லாம் கீழ்ப்பக்கம் இருக்கு, பலமாவும் இருக்கு, அதனால கேட்டுடும். ச, த, ப, க மாதிரி ஓசைங்க வர்றது ஒரு நொடிக்கும் கம்மியான நேரம், பலமும் கெடையாது, அதோட அடையாளம் பெரும்பாலும் மேல்பக்கத்துல இருக்கு. இப்ப ஒரு வார்த்தைல "டை" மட்டும் தெளிவா கேட்டுது, முன்னாடி எழுத்து கேக்கலன்னு வச்சுக்குங்க. கடையா, நடையா, தடையா, படையா, சடையா, மடையா? ஆறுல எதுன்னு நான் முடிவு பண்றதுக்குள்ள நீங்க அடுத்த வாக்கியத்துக்குப் போயிடுவீங்க. என் மூளை நாள் பூரா இந்த வேலய தான் பாத்துக்கிட்டிருக்கு, விட்டுப்போனத ஊகிச்சு நிரப்பறது. நீங்க எவ்வளவு துப்பு குடுக்கறீங்களோ அவ்வளவு சரியா நிரப்பும்.

அப்ப நல்லா கத்திப் பேசினா சரியாயிடுமா?

ஆகாது. கத்தும்போது உயிர் ஓசை தான் பலமாகுது, எங்களுக்கு வேண்டிய மெய் ஓசை அதுக்குள்ள முங்கிப் போயிடுது. வாய் அகலமா திறக்கறதால உதடும் கோணலா தெரியுது. இன்னொன்னு, உள்காது பாதிப்பு இருக்கறவங்கள்ல நெறைய பேருக்கு மெதுவான சத்தம் கேக்கவே கேக்காது, கொஞ்சம் ஏத்தினா திடீர்னு வலிக்கற அளவுக்குப் போயிடும், நடுவுல சௌகரியமா கேக்கற இடம் ரொம்ப குறுகல். அதனால தான் ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி "கேக்கல"ன்னு சொன்ன ஆளு இப்ப "ஏன் கத்துற"ங்கறார். நடிக்கல அவர், நெசமாவே ரெண்டும் உண்மை.

கத்தறதுக்கு பதிலா கிட்ட வாங்க. தூரம் பாதியானா சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும், காசு செலவில்லாம கெடைக்கற வால்யூம் அது. மெஷினுக்கும் ஒண்ணு ரெண்டு மீட்டருக்குள்ள தான் பேச்சு நல்லா புடிபடும்.

சரி, எப்படித்தான் பேசணும்?

மொதல்ல கூப்பிடுங்க, நான் திரும்பிப் பாக்கற வரைக்கும் நில்லுங்க, அப்புறம் ஆரம்பிங்க. இந்த ஒண்ண செஞ்சாலே பாதி சண்ட கொறையும். அடுத்த ரூம்லேர்ந்து, முதுகக் காட்டிக்கிட்டு, குழாயத் திறந்து விட்டுக்கிட்டு சொல்றதெல்லாம் எனக்கு வந்து சேராது. ஜன்னலுக்கு முன்னாடி நின்னு பேசினா மூஞ்சி இருட்டா தெரியும், வெளிச்சம் உங்க மூஞ்சில விழற மாதிரி நில்லுங்க. வேகத்த லேசா கொறச்சா போதும், ஒவ்வொரு எழுத்தா இழுத்து இழுத்துப் பேசினா இன்னும் கஷ்டம், அந்த மாதிரி உதட்டசைவ நாங்க பழகினதே இல்ல.

முக்கியமான இன்னொன்னு, என்ன விஷயம்னு முதல்லயே சொல்லிடுங்க. "நாளைக்கு டிக்கெட் விஷயம்"னு ஆரம்பிச்சா அதுக்கப்புறம் வர்ற பத்து வார்த்தைல நாலு விட்டுப்போனாலும் நான் புடிச்சுடுவேன். பேச்சு நடுவுல டாபிக் மாத்தினா அதையும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, இல்லன்னா நான் பழைய டாபிக்குக்கு ஏத்த மாதிரியே ஊகிச்சுக்கிட்டு அசட்டுத்தனமா ஒரு பதில் சொல்லுவேன், எல்லாரும் சிரிப்பாங்க.

உதட்டப் பாத்தே எல்லாம் தெரிஞ்சுடுமாமே?

சினிமால அப்படித்தான் காட்டுறாங்க, தூரத்துல பைனாகுலர் வச்சுப் பாத்து முழு ரகசியத்தையும் சொல்லிடற மாதிரி. நெஜத்துல பேச்சோட பெரும்பகுதி உதட்டுல தெரியவே தெரியாது. க, ங எல்லாம் தொண்டைக்குப் பக்கத்துல நடக்குது. ல, ள, ழ வாய்க்குள்ளயே முடிஞ்சுடுது. ப-வும் ம-வும் உதட்டுல ஒரே மாதிரி, சத்தமில்லாம "பாப்பா"ன்னும் "மாமா"ன்னும் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க. மேல சொன்ன அந்த ஆறு வார்த்தைல உதட்டப் பாத்தா படை, மடை ரெண்டையும் மத்ததுலேர்ந்து பிரிச்சுடலாம், ஆனா அந்த ரெண்டுல எதுன்னு உதட்ட வச்சு சொல்ல முடியாது. காதும் கண்ணும் சேந்து வேல பாத்தா தான் எதோ கரையேறும். அதனால தான் மாஸ்க் போட்ட காலம் எங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, உதடும் மறைஞ்சுது, துணி கீச்சு ஓசையையும் கொஞ்சம் முழுங்கிடுச்சு. பேசும்போது கைய வாய் மேல வச்சுக்கறது, எதையாவது மென்னுக்கிட்டே பேசறது, தொங்குமீசை, எல்லாமே அதே கணக்கு தான். மீசைய எடுக்கச் சொல்ல மாட்டேன், ட்ரிம் பண்ணிக்கலாமே.

உங்களுக்கு வேணுங்கறப்ப மட்டும் நல்லா கேக்குதே?

இது தான் வீடுகள்ல அதிகமா விழற பேச்சு, மனச நோகடிக்கற பேச்சும் கூட. அமைதியான ரூம்ல, எதிர்ல ஒக்காந்து, தெரிஞ்ச குரல், தெரிஞ்ச விஷயம்னா எனக்கு கிட்டத்தட்ட எல்லாமே கேக்கும். அதே ஆளு அதே வார்த்தைய மிக்ஸி ஓடும்போது சொன்னா கேக்காது. காலைல ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது கேட்டது ராத்திரி கேக்காது. சளி புடிச்சா கேக்காது. ஆம்பள குரல் ஓரளவு புடிபடும், சின்னக் கொழந்தைங்க கீச்சுக் குரல்ல பேசறது நழுவிடும், சில பேருக்கு இதுவே தலைகீழ். கேக்கறது நேரத்துக்கு நேரம் மாறும், வெளிலேர்ந்து பாக்கறவங்களுக்கு அது பாசாங்கு மாதிரி தெரியுது.

திரும்பச் சொல்லுங்கன்னு கேட்டா அதே வாக்கியத்த அப்படியே சொல்லணுமா?

ஒரு தடவ அப்படியே சொல்லுங்க. அப்பவும் புரியலன்னா வார்த்தைய மாத்துங்க. புரியாத அதே வார்த்தைய நாலாவது தடவயும் அதே மாதிரி சொன்னா நாலாவது தடவயும் புரியாது. "கடை மூடியாச்சு"ன்னது விழலன்னா "சாமான் வாங்கப் போனேனே, பூட்டியிருந்துச்சு"ன்னு சொல்லிப் பாருங்க.

எங்க பக்கமும் ஒரு வேல இருக்கு. வெறுமன "என்ன?"ன்னு கேட்டா எதிர்ல இருக்கறவருக்கு எது போச்சுன்னு தெரியாது, பாவம் மொத்தத்தையும் ஆரம்பத்துலேர்ந்து சொல்லுவார். "செவ்வாக்கிழமை வரைக்கும் கேட்டுது, எத்தன மணிக்கு?"ன்னு கேட்டா ஒரு வார்த்தைல முடிஞ்சுது.

இதுல தமிழுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. ஆமாவா இல்லையான்னு முடிவு பண்ற பகுதி வாக்கியத்தோட கடைசில வருது, பேசறவங்க குரல் எறங்கறதும் அங்க தான். "இந்த மாத்திரய வெறும் வயித்துல சாப்பிடலாம்", "சாப்பிடக் கூடாது", ரெண்டுலயும் முன்பாதி ஒண்ணு தான். கடைசி வார்த்தைய முழுங்காதீங்க, எங்களுக்கு உசுரே அதுல தான் இருக்கு.

"ஒண்ணுமில்ல விடு"ன்னா ஏன் இவ்வளவு கோவம் வருது?

ஏன்னா அது ஒண்ணுமில்லயா இல்லயான்னு முடிவு பண்ற உரிமைய நீங்க எடுத்துக்கிட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க, நான் என்னன்னு கேட்டேன், "அப்புறம் சொல்றேன்"னு பதில் வந்துச்சு. அந்த அப்புறம் வராது. வந்தாலும் ஒரு வரில சுருக்கி, சிரிப்பெல்லாம் போய் செய்தி வாசிக்கற மாதிரி வரும். சின்ன விஷயம் தான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு வீட்டுல மனுஷங்க நெருக்கமா இருக்கறதே இந்த மாதிரி சின்ன விஷயங்கள வச்சு தான, பெரிய விஷயம் எல்லாம் யாராவது எழுதியாவது காமிச்சுடுவாங்க.

நாலு பேர் சேந்து பேசற எடத்துல என்ன பண்ணலாம்?

எங்களுக்கு இருக்கறதுலயே கஷ்டமான எடம் இது. காது நல்லா இருக்கறவங்க கூட்டத்து இரைச்சல்ல ஒரு குரல மட்டும் பிரிச்சு எடுத்துக்கறாங்க, காலின் செர்ரிங்கற ஆராய்ச்சியாளர் 1953ல இதப் பத்தி எழுதினதுலேர்ந்து இதுக்கு காக்டெயில் பார்ட்டி எஃபெக்ட்னே பேரு. அந்தத் திறமை எங்களுக்கு ரொம்ப கம்மி. யார் பேசறாங்கன்னு தேடிக் கண்டுபிடிச்சு அவங்க உதட்டப் பாக்கறதுக்குள்ள வேற ஆளு ஆரம்பிச்சுடுவாரு. ஒரு காது மட்டும் கேக்கறவங்களுக்கு இன்னும் மோசம், சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னே தெரியாது.

நீங்க செய்யக்கூடியது: ஒருத்தர் பேசி முடிச்சதும் அடுத்தவர். பேச ஆரம்பிக்கும்போது லேசா கை தூக்கறது. டிவிய அணைக்கறது, மியூட் கூட வேணாம், அணைச்சுடுங்க, கண்ணு அங்க போயிடுது. பக்கத்துல ஒக்காந்திருக்கறவர் "இப்ப கல்யாண விஷயம் பேசறாங்க"ன்னு ஒரு வார்த்த காதுல போட்டா அதுவே பெரிய உபகாரம். நாங்க செய்யக்கூடியது: செவத்துக்கு முதுகு குடுத்து மூலைல ஒக்காரறது, நல்லா கேக்கற காத ஜனங்க பக்கம் வச்சுக்கறது, வட்ட மேஜ கெடச்சா விடாம புடிக்கறது.

ஃபோன்ல ஏன் பேச மாட்டேங்கறீங்க?

பழைய ஃபோன் லைன் கடத்தறது சுமார் 300லேர்ந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் தான். ச ஓசையோட பலம் எல்லாம் அதுக்கு மேல. நல்ல காது இருக்கறவங்களே ஃபோன்ல பேர் கேட்டா எழுத்துக்கூட்டச் சொல்றாங்க, எங்களுக்கு உதடும் தெரியாது, மூஞ்சியும் தெரியாது. வோல்ட்டி கால், வாட்ஸப் மாதிரி இன்டர்நெட் கால் ரெண்டுலயும் இன்னும் அகலமான ஓசை வர்றதால கொஞ்சம் தேவல. மெஷின்ல புளூடூத் இருந்தா குரல் நேரா ரெண்டு காதுலயும் விழும், அது நெஜமாவே பெரிய வித்தியாசம்.

நம்பர் மட்டும் ஃபோன்ல வேணவே வேணாம். அறுபதும் எழுபதும் எனக்கு ஒரே வார்த்த. "ஆறு, சைபர்"னு ஒவ்வொரு இலக்கமா சொல்லுங்க, அதவிட மெசேஜ்ல அனுப்பிடுங்க. ஓடிபி, முகவரி, தேதி, நேரம் எல்லாமே எழுத்துல வந்தா யாருக்கும் தலவலி இல்ல. தயவுசெஞ்சு வாய்ஸ் நோட் மட்டும் அனுப்பாதீங்க, அதுவும் ரோட்டுல நடந்துக்கிட்டே மூணு நிமிஷத்துக்கு.

புரியலன்னா சொல்ல வேண்டியது தான, ஏன் தலையாட்டறீங்க?

எல்லாருமே ஆட்டறோம். மூணாவது தடவ கேக்கும்போது எதிர்ல இருக்கறவர் மூஞ்சில ஒரு சின்ன மாற்றம் வரும், கண்ணு கொஞ்சம் சுருங்கும், மூச்ச இழுத்து விடுவார். அத நாங்க நல்லாவே பாத்துடுவோம், மூஞ்சியவே பாத்துக்கிட்டு வாழறவங்க தான. நாலாவது தடவ கேக்கறதுக்குப் பதில் சிரிச்சு தலையாட்டிட்டுப் போறது சுலபமா தெரியும். வம்பு எங்க வரும்னா, அது கேள்வியா இருந்திருக்கும், நான் ஆமான்னு ஒத்துக்கிட்டிருப்பேன். டாக்டர்கிட்ட, பேங்க்ல, கையெழுத்து போடற எடத்துல தலையாட்டறது இல்லன்னு நான் ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கேன். அங்க "நீங்க சொன்னத நான் திரும்பச் சொல்றேன், சரியான்னு பாருங்க"ன்னு கேட்டுடறது, இல்லன்னா எழுதித் தரச் சொல்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே பேசற கவுன்ட்டர் ஆளுகிட்ட வேற வழியும் கெடையாது. நோட்டும் பேனாவும் ஒண்ணும் கௌரவக் கொறச்சல் இல்ல, பீத்தோவனே 1818லேர்ந்து நோட்டு வச்சிருந்தார், வர்றவங்க அதுல எழுதுவாங்க, அவர் வாயால பதில் சொல்லுவார்.

ஆபீஸ் மீட்டிங் எப்படி சமாளிக்கறீங்க?

அஜெண்டாவ முன்னாடியே அனுப்பச் சொல்லுவேன், பாதி துப்பு அதுலயே கெடச்சுடும். வீடியோ கால்னா கேமரா ஆன் பண்ணச் சொல்றது, கேப்ஷன் போட்டுக்கறது, முடிஞ்சதும் முடிவு பண்ணத நாலு வரி மெயில்ல போடச் சொல்றது. கடைசில சொன்னது எனக்காக கேட்டது, ஆனா காது நல்லா இருக்கறவங்க தான் அத அதிகமா தேடிப் படிக்கறாங்க. பெரிய ஹால்னா பேசறவர் சட்டைல மாட்டற ரிமோட் மைக் இருக்கு, அது குரல நேரா மெஷினுக்கு அனுப்பும். சில அரங்கங்கள்ல ஹியரிங் லூப், அதாவது மைக் குரல நேரா மெஷினுக்கு அனுப்பற கம்பி வளையம், போட்டிருப்பாங்க, காது படத்துக்குப் பக்கத்துல டி எழுத்து போட்ட போர்டு இருந்தா மெஷின டெலிகாயிலுக்கு (அந்த லூப்ப புடிக்கற செட்டிங்) மாத்திக்கிட்டா போதும். மைக் இருந்தும் "எனக்கு மைக் வேணாம், என் குரலே பெரிசு"ங்கறவங்கள பத்தி நான் எதுவும் சொல்லல.

பேச்ச எழுத்தாக்கற ஆப் எல்லாம் இருக்கே, அது போதாதா?

நல்ல துணை. ஆண்ட்ராய்டுல லைவ் டிரான்ஸ்கிரைப் 2019ல வந்துச்சு, தமிழும் அதுல இருக்கு. ஒருத்தர் பக்கத்துல நின்னு பேசினா ஓரளவு சரியாவே எழுதும். நாலு பேர் ஒண்ணா பேசினாலோ, பேச்சுவழக்கு அதிகமா இருந்தாலோ, தமிழும் இங்கிலீஷும் கலந்து வந்தாலோ தடுமாறும், சில சமயம் அது எழுதறதப் பாத்து தனியா சிரிச்சுக்கிட்டிருப்பேன். இன்னொரு சங்கடம், ஸ்கிரீனப் பாத்தா மூஞ்சியப் பாக்க முடியாது.

காது கேக்காதுன்னா சைகை மொழி தெரிஞ்சிருக்குமே?

பெரியவங்க ஆனப்புறம் காது போனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு தெரியாது. ஒரே சைகை மொழி தான் உலகம் பூரா இருக்குன்னு நெனைக்கறதும் தப்பு, 300க்கும் மேல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி இலக்கணம். கத்துக்கிட்டா நல்லது தான், ஆனா வீட்டுல இருக்கறவங்களும் கூட சேந்து கத்துக்கணும், ஒருத்தர் மட்டும் கத்துக்கிட்டு யார்கிட்ட பேசறது?

சாயங்காலம் ஆனா ஏன் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறீங்க?

களைப்பு. நாள் பூரா ஊகிச்சு ஊகிச்சு மூளை அசந்து போயிடுது. நான் மெஷினக் கழட்டி டப்பால வைக்கறேன்னா உங்க மேல கோவம்னு அர்த்தம் இல்ல, அர மணி நேரம் விட்டுடுங்க.

நீங்க மட்டும் ஏன் இவ்வளவு சத்தமா பேசறீங்க?

என் குரலே எனக்கு சரியா கேக்காததால. நடுக்காதுல அடைப்பு இருக்கறவங்களுக்கு அவங்க குரல் எலும்பு வழியா நல்லாவே உள்ள கேட்டுடும், அதனால அவங்க மெதுவா பேசுவாங்க. உள்காது, நரம்பு பாதிப்புன்னா சத்தமா பேசுவாங்க. கைய லேசா கீழ காட்டினா நான் கொறச்சுக்குவேன், நாலு பேர் முன்னாடி "கத்தாத"ன்னு சொல்ல வேணாம்.

அப்பா மெஷின் வாங்கி டிராயர்லயே வச்சிருக்கார், என்ன பண்றது?

ரொம்ப சகஜம். புதுசா போடும்போது பாத்திரம் வைக்கற சத்தம், பேப்பர் கசங்கறது, சொந்தக் குரல் எல்லாமே தகரத்துல அடிச்ச மாதிரி இருக்கும், பல வருஷமா கேக்காதது எல்லாம் ஒரே நாள்ல உள்ள வருது. மூளை பழக வாரக்கணக்குல ஆகும், சில பேருக்கு மாசக்கணக்குல. முதல்ல வீட்டுல, அமைதியா இருக்கும்போது, தினம் கொஞ்ச நேரம் போடச் சொல்லுங்க, அப்புறம் நேரத்த கூட்டலாம். கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது முதல் தடவயா போட வச்சீங்கன்னா மறுபடி டிராயர் தான். உய்னு விசில் அடிச்சா மோல்டு (காதுக்குள்ள சொருகற பாகம்) சரியா பொருந்தல இல்ல காதுல அழுக்கு அடைச்சிருக்குன்னு அர்த்தம், மெஷின செட் பண்ணித் தர்ற ஆடியாலஜிஸ்ட்கிட்ட காமிங்க, செட்டிங்க மாத்தறதுக்கும் ரெண்டு மூணு தடவ போக வேண்டியிருக்கும், அது வழக்கம் தான். வட்டமா இருக்கற சின்ன பேட்டரின்னா ஸ்டிக்கர உரிச்சதும் ஒண்ணு ரெண்டு நிமிஷம் காத்துல வச்சுட்டு அப்புறம் போடுங்க, காத்து பட்டா தான் அது வேல செய்யும். வயசானவங்களுக்கு அந்த பேட்டரி மூடிய நகத்தால திறக்கறதே பெரிய வேல, வெரல் நடுங்கும், கீழ விழுந்தா தேட முடியாது. சார்ஜ் பண்ற மாடல் கெடச்சா அத வாங்குங்க.

ராத்திரி கழட்டி வச்சப்புறம் அவசரம்னா?

சாதாரண புகை அலாரம் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கீச்சுன்னு கத்தும், எங்களுக்கு சரியா கேக்காத எடமே அது தான். 520 ஹெர்ட்ஸ்ல அடிக்கற அலாரம், வெளிச்சம் பளிச்சுன்னு அடிக்கறது, தலகாணிக்கு அடில வச்சு அதிர வைக்கறதுன்னு கெடைக்குது. அதோட, கூட இருக்கறவங்க எப்படி எழுப்பணும்னு முன்னாடியே பேசி வச்சுக்குங்க, நாங்க லைட்ட ரெண்டு தடவ போட்டு அணைக்கறதுன்னு வச்சிருக்கோம். இருட்டுல திடீர்னு தோளப் புடிச்சு உலுக்கினா தூக்கிவாரிப் போட்டுடும்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்த காது திடீர்னு அடைச்சுக்கிட்டா?

சளியா இருக்கும், அழுக்கா இருக்கும்னு வாரக்கணக்கா காத்துக்கிட்டு இருக்காதீங்க. திடீர்னு, இல்ல மூணு நாளுக்குள்ள, ஒரு காது கேக்காமப் போனா அது அவசரம், அன்னிக்கே காது மூக்கு தொண்டை டாக்டரப் பாக்கணும். நரம்பு சம்பந்தப்பட்டதா இருந்தா ஸ்டீராய்டு மருந்து குடுப்பாங்க, சீக்கிரமா ஆரம்பிச்சா தான் பலன், ரெண்டு வாரம் தாண்டிட்டா வாய்ப்பு கொறஞ்சுடும். தேங்கா எண்ணெய, பூண்டு எண்ணெய எதையும் ஊத்திக்கிட்டு நாள கடத்த வேணாம்.